கால் ஆணி என்று வருகிறவை

எங்கள் கட்டுப் போடும் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நோய்க்குப் பெயரையும் வைத்துக்கொண்டேதான் வருவார்கள். உள்ளங்காலில் மேடாக இருந்தால் ஆணி. திறந்திருந்தால் சர்க்கரைப் புண். கொப்புளம் என்றால் வெந்நீர் பட்டிருக்கும், இல்லாவிட்டால் செருப்புக் கடித்திருக்கும். பாதத்துக்கு வருகிற எல்லாக் கேட்டையும் இந்த நான்கு பெயர்களில் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை நோயாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. அவர்களை எங்களிடம் அனுப்பும் சீட்டுகளிலும் அதே நான்குதான் இருக்கும். ‘வைரஸாக இருக்கலாமா?’ என்று எழுதிய சீட்டு அபூர்வம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் பாதப் பிரிவின் செவிலி நான். காலையில் தட்டுகளை அடுக்குவது முதல் மாலையில் கடைசிக் கட்டைச் சுற்றி முடிப்பது வரை பாதங்களோடுதான் பிழைப்பு. முகம் மறந்துபோகும், பாதம் மறக்காது. கடைத்தெருவில் எதிரே நின்று நலம் விசாரிக்கிறவர் யாரென்று தெரியாமல் விழித்துவிட்டு, குனிந்து கட்டைவிரலைப் பார்த்ததும் பெயர் நினைவுக்கு வந்ததெல்லாம் உண்டு.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களுடைய பாதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாக்டீரியாவைப் பற்றிப் பேசுவார்கள், கொஞ்சம் பூஞ்சையைப் பற்றிப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான்; காலை இழக்க வைக்கும் தொற்றுகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவால் வருகிறவைதான். வைரஸ் செய்கிற வேலை வேறு விதம். அது நேரடியாகக் காலைக் கேட்பதில்லை. ஆணியாகவோ தீப்புண்ணாகவோ வேடம் போட்டுக்கொண்டு வந்து, பொருந்தாத வைத்தியத்தை வரவழைக்கிறது. புண்ணை உண்டாக்குவது அந்த வைத்தியம்.

முதலில் மருவைச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்காலில் வரும் மரு.

கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், முன்பாதத்தில் ஆணி என்று வந்தார். சமையற்கட்டில் செருப்புப் போடுவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, வடித்த கஞ்சியும் காய் கழுவிய தண்ணீரும் ஓடும் தரையில் மத்தியானப் பந்தி முடியும்வரை வெறுங்காலோடு நிற்பார்கள். ஊறி வெளுத்த தோல், அதன் கீழே பாளம் பாளமாக வெடிப்பு. சர்க்கரை நோயில் வியர்வை நரம்புகளும் கெடுவதால் பாதம் காய்ந்து வெடிக்கிறது; அந்த வெடிப்பின் மேல் ஈரம் சேர்ந்தால் மரு வைரஸுக்குக் கதவு திறந்த மாதிரிதான். அது தோலின் அடிவரிசைச் செல்களைப் போய்ச் சேர ஒரு கீறல் போதும். உள்ளே போனதும் தெரியாது, பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துத்தான் மேடு தெரியும்.

மாஸ்டருக்கு மேடு தெரிந்து இரண்டு கல்யாண சீசன் போயிருந்தது. மருந்துக்கடையில் கால் ஆணிக்கென்று விற்கும் பிளாஸ்திரியை வாங்கி ஒட்டியிருக்கிறார். நடுவில் வட்டமாக மருந்து வைத்திருக்கும் சின்னப் பிளாஸ்திரி அது. அந்த வட்டத்தில் இருப்பது வழக்கமாக 40 சதவீத சாலிசிலிக் அமிலம். அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. உணர்வு இருக்கிற காலில் ஒட்டினால் எரிச்சல் எடுத்ததும் மனிதன் பிய்த்துப் போட்டுவிடுவான். மரத்துப் போன காலில் எரிவது யாருக்குத் தெரியும்? மாஸ்டர் அதை ஒட்டிக்கொண்டே ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் இரண்டு கல்யாணத்துக்கும் சமைத்து முடித்திருந்தார். பிளாஸ்திரியை நான் பிரித்தபோது சுற்றிலும் வெள்ளையாக ஊறிய வளையம், நடுவில் ஒரு பட்டாணி உள்ளே போகும் அளவுக்குக் குழி. “ஆணி வேரோடு வந்துவிட்டது, பார்த்தீர்களா சிஸ்டர்” என்று சந்தோஷமாகச் சொன்னார். மருவுக்கு வேர் கிடையாது. வந்தது அவருடைய தோல்.

‘சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தக் கூடாது’ என்று அந்த அட்டையிலேயே எழுதியிருக்கும். எழுதியிருக்கும் எழுத்தின் அளவைப் பார்த்தால் சர்க்கரையால் கண் கெட்டவர்கள் மட்டுமல்ல, நல்ல கண் உள்ளவர்களும் படிக்கக் கூடாது என்று நினைத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. கவுண்டரில் கேட்ட உடனே எடுத்து நீட்டுகிற பையன் “சர்க்கரை இருக்கிறதா ஐயா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் என் வேலை எவ்வளவோ குறையும்.

குழியின் ஓரத்தில் மிச்சமிருந்த தடிப்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, 15-ஆம் எண் பிளேடைப் படுக்க வைத்து, தாள் தாளாகச் சீவினேன். சாதாரணக் காய்ப்பு என்றால் சீவச் சீவ மஞ்சளாக, ஒரே சீராக, பளபளவென்று இருக்கும். உள்ளங்கால் ரேகைகள் அதன் மேலேயே ஓடுவதைப் பார்க்கலாம். இங்கே ரேகைகள் மேட்டின் விளிம்பில் வந்து நின்றன, சுற்றிக்கொண்டு போயின, உள்ளே நுழையவில்லை. இன்னும் இரண்டு சீவலில் புள்ளிகள் தெரிந்தன: மிளகுத் தூளை விரல் நுனியால் தூவியது போல, கறுப்பாக, பொடிப் பொடியாக. மருவுக்குள் நெட்டுக்குத்தாக வளர்ந்த மயிரிழை ரத்தக் குழாய்கள் அடைத்துப்போய்க் கறுத்தவை அவை. அடுத்த சீவலில் அதே இடங்களில் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் பொட்டுகள் துளிர்த்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியை மருத்துவர் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலையாட்டினார். குழி இருந்த இடம் மட்டுமல்ல, பக்கத்தில் ஐந்தாறு சின்ன மருக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தளம் பாவினாற்போல் இருந்தன.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயாளியின் காய்ப்புக்கு அடியில் கறுப்பாகத் தெரிகிற எல்லாமே மருப் புள்ளி அல்ல. அழுத்தத்தால் ரத்தம் கசிந்து உறைந்தும் கறுப்பாகத் தெரியும். அது பரவலாக, கரை கலங்கினாற்போல் இருக்கும்; அதற்குப் பொருள், இந்த இடத்தில் புண் வரப்போகிறது என்பது. மெலனோமா என்னும் கரும்புற்றுநோயும் உள்ளங்காலில் வரும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. வீட்டில் நகவெட்டியை வைத்துக்கொண்டு தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது.

செவிலியர் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை எளிமையானது. மேலிருந்து நேராக அழுத்தினால் வலித்தால் ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் வலித்தால் மரு. நல்ல சோதனைதான், வலிக்கிற காலில். மாஸ்டரின் காலில் மோனோஃபிலமென்ட் வைத்துப் பார்த்தோம். அது வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை. பாதத்தில் வைத்த எந்த இடத்திலும் அவர் “தெரிகிறது” என்று சொல்லவில்லை. அழுத்தினாலும் கிள்ளினாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பாடப் புத்தகத்தில் ஆணிக்கும் மருவுக்கும் நடுவே போட்டிருக்கும் கோடு வலியால் போட்ட கோடு. வலி போன பிறகு அந்தக் கோடும் போய்விடுகிறது.

வலி போன பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை உலகம் கற்றதில் பெரும் பங்கு நம் வேலூரில் நடந்தது. 1946-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவதற்குக் காரணம் ‘அழுகும் சதை’ அல்ல, உணர்வு போனதால் அவர்களுக்கே தெரியாமல் ஏற்படும் காயங்கள் என்று காட்டினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்துதான் அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மோனோஃபிலமென்ட்டைப் பாதத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம், எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்பு, பாதம் முழுக்கத் தழுவிப் போடும் மாவுக்கட்டு எல்லாவற்றுக்கும் தொழுநோய்ப் பிரிவில்தான் பூர்வீகம்.

மாஸ்டர் கதைக்கு வருகிறேன். மரு என்று தெரிந்ததும் அவருடைய மகன், கல்லூரியில் படிக்கிற பையன், கைப்பேசியில் தேடிவிட்டு முகம் வெளிறி என்னைத் தனியாக அழைத்தான். “ஹெச்.பி.வி. என்று போட்டிருக்கிறது சிஸ்டர். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை.” எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஹெச்.பி.வி., அதாவது மரு வைரஸ், ஒன்றல்ல, 200-க்கும் மேற்பட்ட வகை கொண்ட குடும்பம். உடலுறவால் பரவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகைகள் வேறு. அதைக் கண்டறிந்த ஹரால்ட் ஸூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்ததால் அந்தப் பெயர் அந்த நோயோடு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கால் மருவுக்குக் காரணம் பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 என்ற எண்கள் கொண்டவை. அவை தரையிலிருந்தும், ஈரத்திலிருந்தும், அடுத்தவர் பிளேடிலிருந்தும் வருகிறவை. மரு தொற்றும் என்பதும் புதிய செய்தி அல்ல. 1907-இலேயே இத்தாலியில் சியுஃபோ என்ற மருத்துவர் மருவை அரைத்து, பாக்டீரியா புகாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். சில மாதங்களில் மரு முளைத்தது. இதைச் சொன்னதும் பையனுக்கு உயிர் வந்தது.

அடுத்தவர் பிளேடு என்று சொன்னது சும்மா இல்லை. மாஸ்டரின் குழுவில் மண்டபத்தில் படுக்கிற ராத்திரிகளில் எல்லோரும் ஆணி சீவுவார்களாம். ஒரே பிளேடு. “கழுவித்தான் கொடுப்போம்” என்றார். அழைத்து வாருங்கள் அவர்களையும் என்றேன். ஒருவர் மட்டும் வந்தார், சாம்பாருக்கு நிற்கிறவர். காலில் அதே புள்ளிகள். சர்க்கரை உண்டா என்று கேட்டால், பார்த்ததே இல்லை என்றார். விரலில் குத்திப் பார்த்தோம்: 286.

வைத்தியம் என்று எடுத்தால் உள்ளங்கால் மரு யாருக்குமே சுலபத்தில் போவதில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 240 பேரை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பாதிக்கு 50 சதவீத சாலிசிலிக் அமிலம், மறு பாதிக்குத் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. 12 வாரம் கழித்து மரு முழுக்கப் போனவர்கள் இரண்டு பக்கமும் 14 சதவீதம். அவ்வளவுதான்! அதிலும் சர்க்கரை நோயால் புண் ஆறுவதில் தடை உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. நியாயம்தான், ஆபத்தானவர்களைச் சோதனைக்கு உட்படுத்த மாட்டார்கள். ஆனால் அதன் விளைவு என்ன? எங்கள் வாசலில் நிற்கும் மாஸ்டருக்கு எது சரி என்பதற்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது. உறைய வைத்தால் கொப்புளம் வரும். ரத்த ஓட்டம் குறைந்த, உணர்வில்லாத காலில் அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகிவிடலாம். அமிலத்தின் கதையைத்தான் மேலே சொன்னேன். ஆகவே முதலில் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்து, டாப்ளரில் ரத்த ஓட்டத்தைக் கேட்டு, அதன் பிறகே எதையும் தொடுவது எங்கள் வழக்கம்.

அவருக்கு ஆடி மாதம் உதவியது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கரண்டிக்கு ஓய்வு. மாவுக்கட்டும் டிரெஸ்ஸிங்குமாக முதலில் குழியை ஆற்றினோம். இன்சுலின் தொடங்கியது. பிறகு தோல் மருத்துவர், பெரிதாக இருந்த மருவுக்குள் எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தைச் சிறு அளவில் ஏற்றினார். குழந்தைகளுக்குத் தட்டம்மைக்காகப் போடுகிற அதே ஊசி. மருவுக்குள் இருக்கும் வைரஸை உடம்பு கவனிக்காமல் விட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு கலவரத்தைக் கிளப்பினால் திரும்பிப் பார்க்கும் என்பது கணக்கு. நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் பரவலாகச் செய்வதுதான். உள்ளங்காலில் ஊசி என்றால் சாதாரண மனிதர்கள் அலறுவார்கள். இவர் ஊசி இறங்கும்போது ரசத்துக்குத் தூள் எப்படி வறுக்க வேண்டும் என்று தோல் மருத்துவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் சந்தோஷப்படத் தோன்றவில்லை எனக்கு. சில தவணைகளில் ஊசி போட்ட மரு மட்டுமல்ல, போடாத மருக்களும் வற்றின. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். வேறு ஒரு அம்மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு மாதம் ஒரு தடவை சீவிவிட்டு, மருவின் மேல் பாரம் விழாமல் செருப்பில் குழி எடுத்துக் கொடுத்து, அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். சில மருக்களை விட்டுவைப்பதும் வைத்தியம்தான்.

எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால், சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்தது எல்லாம் பார்த்திருக்கிறேன். எல்லாம் அந்தப் பிளாஸ்திரிக்குச் சித்தப்பா, பெரியப்பா முறைதான். சுடும். கோயிலில் உப்பும் மிளகும் கொண்டுபோய்ப் போடுகிறவர்களை மட்டும் நான் ஒன்றும் சொல்வதில்லை. மரு பலருக்குத் தானாகவும் போகும், குழந்தைகளில் பாதிக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் போய்விடும். அந்தப் பெருமை சாமிக்குப் போனால் போகட்டும், கால் பத்திரமாக இருக்கிறது.

அடுத்தது அக்கி.

அக்கி நெஞ்சிலும் முதுகிலும் இடுப்பிலும் வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதிகம் வருவதும் அங்கேதான். பாதத்தில் வந்தால் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை, முக்கியமாகச் சர்க்கரை நோயாளியின் பாதத்தில். வலங்கைமான் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு இடது பாதத்தின் வெளி ஓரம் நெருப்பாக எரிந்திருக்கிறது. சர்க்கரை இருக்கிறவர்களுக்குப் பாதம் எரியும்; அது ஊரறிந்த விஷயம். ஆகவே எரிச்சல் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் சுண்டுவிரலை ஒட்டி நீர்க் கொப்புளங்கள். மருந்துக்கடையில் தீப்புண் களிம்பு கொடுத்தார்கள். கடைசியில், மண்பாண்டம் செய்து அக்கியும் எழுதுகிற வேளார் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பெரியவர் பார்த்த மாத்திரத்தில் அக்கி என்று சொல்லி, காவிக்கல்லை உரைத்துப் பாதத்தில் சிங்கம் எழுதிவிட்டார்.

எங்களிடம் வந்தபோது பாதம் முழுக்கக் காவி. காய்ச்சி ஆறிய உப்புநீரில் பஞ்சை நனைத்து நனைத்து ஒற்றி எடுத்தேன். சிங்கத்தின் வால் போன பிறகு, சிவந்த அடித்தளத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் தெரிந்தன, சில உடைந்து காவி அப்பியிருந்தன. சுண்டுவிரல், பாதத்தின் வெளி ஓரம், குதிகாலின் பக்கவாட்டு, கெண்டைக்காலின் பின்புறத்தில் மேலேறும் ஒரு பட்டை. முதுகுத்தண்டின் அடியிலிருந்து வரும் ஒரே நரம்பின் எல்லை அது. வலது காலில் ஒரு பொட்டு கிடையாது. சர்க்கரையால் வரும் எரிச்சல் இரண்டு காலையும் சேர்த்துத்தான் பிடிக்கும். ஒரு கால் மட்டும், அதிலும் ஒரு பட்டையாக மட்டும் எரிகிறது என்று யாராவது சொன்னால் உடனே காலுறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாட்டியின் பாதம் ஏற்கெனவே பாதி மரத்தது. ஆனாலும் எரிந்தது. அக்கியின் வலி தோலில் பிறப்பதல்ல, நரம்பின் வேரில் பிறப்பது. அதனால் தோலுக்குத் தொடு உணர்வு இல்லாவிட்டாலும் எரியும்.

வேளார் செய்த வைத்தியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை; உடைந்த கொப்புளத்தில் மண் சேர்வது சர்க்கரைக் காலுக்கு ஆகாது. ஆனால் அவர் நோயைச் சரியாகச் சொன்னார். அதற்கு முன்னால் அந்தப் பாதத்தைப் பார்த்த, படித்தவர்களான யாரும் சொல்லவில்லை. அவரிடம் ஆள் அனுப்பி, “அக்கி என்று தெரிந்தால் எழுதுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் ஐயா, சர்க்கரை இருந்தால் கட்டாயம்” என்று சொல்லச் சொன்னேன். அனுப்புகிறார்.

ஏன் அவசரம் என்றால், அக்கிக்கு மருந்து இருக்கிறது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஏசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சர்க்கரை நோயாளிக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதவும் முடியாது. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மருந்து உடம்பில் தேங்கி, ஆளே நிலை தடுமாறிப் பிதற்றும் அளவுக்குப் போகலாம். கிரியாட்டினின் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். பாட்டிக்குக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். கொப்புளங்கள் காய்ந்து உதிர மூன்று வாரத்துக்கு மேலானது, சுண்டுவிரல் இடுக்கில் மட்டும் பாக்டீரியா சேர்ந்துகொண்டு படுத்தி எடுத்தது. நல்லவேளை, பாதம் தொங்கவில்லை. காலில் வரும் அக்கி சிலருக்குத் தசையை இயக்கும் நரம்பையும் பிடித்துப் பாதத்தைத் தூக்க முடியாமல் செய்துவிடும். அப்புறம் பாரம் விழும் இடம் மாறும், புது இடத்தில் புண் வரும்.

“இது எங்கிருந்து வந்தது?” என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் சின்னம்மை போட்டதா என்று கேட்டேன். போட்டதாம், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாராம். அப்போது வந்த வைரஸ்தான், நரம்பின் வேரில் அறுபது வருடமாகக் குடியிருந்தது. சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் முதல் வரவும் மறு வரவும்தான் என்பதை இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்த ஹோப்-சிம்சன், தன் ஊர் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து 1965-இல் எழுதினார். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாத மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கும். இப்போது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. எங்கள் நோயாளிகளிடம் விலையைச் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கொப்புளம் என்று வரும்போது பேரப்பிள்ளைகளையும் சந்தேகிக்க வேண்டும். கை, கால், வாய் நோய் என்று குழந்தைகளுக்கு வருகிறதே, 2022-இல் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று அமர்க்களப்பட்டது, அது அவ்வப்போது தாத்தாவுக்கும் தொற்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நீள்வட்டமாக, சாம்பல் நிறத்தில் கொப்புளங்கள். ஒரு தாத்தாவுக்குச் ‘சர்க்கரைக் கொப்புளம்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். சர்க்கரை நோயில் தானாக வரும் கொப்புளமும் உண்டு. அது ஒரே ராத்திரியில் பெரிதாக எழும்பும், சுற்றிலும் சிவப்பே இருக்காது, வைரஸும் இல்லை. தாத்தாவின் கையை விரிக்கச் சொன்னேன், வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டிலும் இருந்தது. பேத்தி பாலர் பள்ளிக்குப் போகிறாளா என்று கேட்டதும் மருமகள் “அவளுக்குப் போன வாரம்தான் சரியானது” என்றார். உடைக்காமல் மூடிவைத்ததோடு சரி, வேறு மருந்தில்லை. ஒன்றரை மாதம் கழித்துக் கால் நகங்கள் இரண்டு கழன்று வந்தன என்று பதறிக்கொண்டு வந்தார். அதுவும் அந்த வைரஸின் பின் விளைவுதான், நகம் திரும்ப முளைத்தது.

கடைசியாக, மரு என்று நம்பிப் பல வருடம் வைத்துக்கொண்டிருக்கும் ஒன்று. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்குக் குதிகாலில் சொரசொரவென்று மேடேறிய வளர்ச்சி. ஒரு இடத்தில் எரித்திருக்கிறார்கள், திரும்ப வந்திருக்கிறது. இன்னொரு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள், திரும்ப வந்திருக்கிறது. வலி இல்லை. நாற்றம் இருந்தது. அழுத்தினால் சின்னச் சின்னத் துவாரங்களிலிருந்து தயிர்க்கட்டியாக ஏதோ வெளிவந்தது. உணர்வு போன சர்க்கரைக் காலில் உராய்வினாலேயே மருவைப் போன்ற வளர்ச்சி வருவதும் உண்டு, வைரஸே இல்லாமல். அதனால் முதல் பயாப்ஸியில் ‘மருப் போன்ற வளர்ச்சி, புற்று இல்லை’ என்று வந்ததும் குடும்பம் நிம்மதியடைந்தது. எங்கள் அறுவை மருத்துவர் நிம்மதியடையவில்லை. மேலாக எடுத்த துண்டு போதாது, அடிவரை வேண்டும் என்றார். கத்தி பட்டால் பரவும் என்று மனைவி ஒரு வாரம் சம்மதிக்கவில்லை. ஆழமாக எடுத்த இரண்டாம் துண்டில்தான் தெரிந்தது: மருவின் உருவில் வரும் புற்று. 1954-இல் இங்கிலாந்தில் அய்ர்டும் அவருடைய சகாக்களும் உள்ளங்காலில் விவரித்துச் சொன்ன வகை. நிதானமாக வளரும், தோலுக்கு அடியில் வளை தோண்டிக்கொண்டு போகும், நெறிகட்டிக்குப் பரவுவது அரிது; விட்டால் எலும்பையும் தின்னும். இந்தக் கட்டிகளில் சிலவற்றில் மரு வைரஸ் காணப்பட்டிருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை.

அவருக்கு எலும்பு தப்பியது. சுற்றிலும் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை குதிகால் தரையில் படக் கூடாது. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகிய மனிதரை உட்கார வைப்பது அறுவை சிகிச்சையை விடக் கடினம். இப்போது எம்.சி.ஆர். செருப்பில் நடக்கிறார். அந்தச் செருப்பின் மேல் அவருக்குக் கோபம். பழைய காலத்தில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் கொடுத்த செருப்பின் சாயலில் இருக்கிறது, தெருவில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றார். செருப்புத் தைக்கிறவரிடம் சொன்னோம். அடியில் அதே ரப்பரை வைத்துக்கொண்டு, மேலே பழுப்புத் தோல் வாரும் பித்தளை பக்கிளும் போட்டுக் கொடுத்தார். பக்கிள் விலை நூற்றைம்பது ரூபாய் தனி. அதற்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார் கண்டக்டர்.